அக்கி என்று எழுதாத படிவம்

அந்தப் பூஜ்யத்தை யாரும் சந்தேகப்படவில்லை. நாற்பதாயிரம் பேர், ஆறு ஆண்டுகள், ஒருவருக்குக்கூட வரவில்லை. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் போல அவ்வளவு அழகான எண்.

எது வரவில்லை என்று சொல்வதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

வைகைக் கரை ஊர்களில் ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஒரு கொசுக்காய்ச்சல் வரத் தொடங்கியிருந்தது. நரம்புக் காய்ச்சல் என்றார்கள். குழந்தைக்கு நூற்று நான்கு டிகிரி அடிக்கும், கை கால் வெட்டி இழுப்பு வரும், மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிடும். இறந்த குழந்தைகளின் மூளையை ஆராய்ந்தவர்கள் விசித்திரமான ஒன்றைப் பார்த்தார்கள். கிருமி குறைவாக இருந்தது, சேதம் அதிகமாக இருந்தது. சேதத்தைச் செய்தவை உடம்பின் சொந்தக் காவல் அணுக்கள். நாலு திருடர்களைப் பிடிக்க வந்த போலீஸ் தெருவையே அடித்து நொறுக்கிவிட்டுப் போனதைப் போல.

காவல் அணுக்களிடம் ‘அடங்கு’ என்று சொல்கிற புரதம் ஒன்று உண்டு. அதைத் தயாரிக்கும் மரபணுவை நரம்புக்குள்ளேயே நிரந்தரமாகக் குடிவைத்துவிட்டால் குழந்தைகள் பிழைத்துக்கொள்வார்கள் அல்லவா? அப்படிப் பிறந்ததுதான் அமைதி ஊசி. மரபணுவை நரம்புக்குள் கொண்டுபோக ஒரு வண்டி தேவைப்பட்டது, அதுவும் உள்ளே போனால் திரும்பி வராத வண்டி. அதற்காக ஆய்வாளர்கள் ஊரெல்லாம் அலையவில்லை. சின்னம்மை வைரஸைப் பிடித்து, அதன் வீரியத்தைக் குறைத்து, அதன் முதுகில் மரபணுவை ஏற்றினார்கள்.

இதையெல்லாம் பொற்கொடிக்கு விளக்கியவர் திட்டத்தின் தலைவர் டாக்டர் செல்லையா. யார் எதைக் கேட்டாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிற மனிதர். பொற்கொடி அந்த ஆய்வு நிறுவனத்தின் கலைச்சொல் அலுவலர். தமிழாசிரியரின் மகள். பூஜ்யத்தைச் சுழியம் என்றும் டீயைத் தேநீர் என்றும் சொல்லிக் கேண்டீனில் கிண்டலுக்கு ஆளாகிறவள். மக்களிடம் போக வேண்டிய படிவங்களைத் தமிழில் எழுதுவது அவள் வேலை.

“சின்னம்மை வந்து போயிடுச்சுன்னு சொல்றோம்ல, அது போறதே இல்லைம்மா” என்றார் செல்லையா. “கொப்புளம் காயும்போதே வைரஸ் நரம்பு வழியா மேல ஏறிடும். முதுகெலும்பை ஒட்டி நரம்பு முடிச்சு வரிசையா இருக்கு பாருங்க, அதுக்குள்ள போய் உக்காந்துக்கும். சாகிற வரைக்கும் அங்கதான்.”

உடம்பு அதை ஏன் விட்டுவைக்கிறது என்று பொற்கொடி கேட்டாள்.

“நரம்பு அணு செத்தா மறுபடி முளைக்காது. அதனால அதைக் கொல்ல உடம்புக்கு மனசு வராது. ஒளியறதுக்கு அதைவிட நல்ல இடம் ஏது?”

பிறகு அவர் ஒரு நூலை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினார். வைரஸ் உள்ளே நுழைந்ததும் அதன் டி.என்.ஏ. நூலின் இரண்டு முனையும் சேர்ந்து வளையமாகிவிடும். நம் அணு தன்னுடைய நூலை எந்தப் புரத உருளைகளில் சுற்றிவைக்குமோ அதே உருளைகளில் இதையும் இறுக்கிச் சுற்றிவைத்துவிடும். ஏறக்குறைய எல்லா மரபணுக்களும் மூடிக்கொள்ளும். புதுப் பிரதி எடுக்காது, புரதம் செய்யாது, சத்தமே இருக்காது. அது உள்பூட்டு. வெளிப்பூட்டும் ஒன்று உண்டு. அந்த முடிச்சைச் சுற்றிக் காவல் அணுக்கள் ஓயாமல் ரோந்து போய்க்கொண்டிருக்கும். முதுமையோ நோயோ வந்து ரோந்து தளர்ந்தால் வைரஸ் எழுந்து, ஏறிப்போன அதே நரம்பு வழியாகத் தோலுக்கு இறங்கும். ஒரு முடிச்சிலிருந்து வருவதால் உடம்பின் ஒரு பக்கத்தில், ஒரே பட்டையாக, கொத்துக் கொத்தாகக் கொப்புளம் போடும். நெருப்பை வைத்துத் தேய்த்ததுபோல எரியும்.

“நம்ம மரபணு அந்த ரோந்தைத்தானே அடங்கச் சொல்லுது? அப்ப வண்டியே எழுந்து ஓடிடுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம ஊருக்கெல்லாம் ஊசி போட முடியாது. எத்தனை பேருக்கு அந்தக் கொப்புளம் வருதுன்னு எண்ணணும். எண்ணணும்னா மொதல்ல அதுக்குத் தமிழ்ல ஒரு பேரு வேணும். நீங்கதான் குடுக்கணும்.”

ஒரு வாரம் யோசித்து பொற்கொடி கொடுத்த பெயர்: நரம்புத்தடக் கொப்புளநோய். ஒவ்வொரு பகுதியும் பொருளோடு பொருந்தியது. அவளுக்கே பெருமையாக இருந்தது. கூட்டத்தில் ஜெபராணி என்ற கிராமச் செவிலியர் மட்டும் கையைத் தூக்கி, அக்கி என்று போட்டால் போதாதா மேடம் என்று கேட்டார். அக்கி என்பது குயவரிடம் போய்க் காவி பூசிக்கொள்கிற சமாசாரம், அந்தப் பெயரைப் போட்டால் அறிவியல் படிவத்துக்குள் மூடநம்பிக்கையும் வந்துவிடும் என்று பொற்கொடி பதில் சொன்னாள். ஜெபராணி கையை இறக்கிக்கொண்டார்.

வைகைக் கரை ஊர்கள் பலவற்றில் பெரியவர், குழந்தை என்று எல்லோருக்கும் சோதனையாக ஊசி போட்டார்கள். ஆறு ஆண்டுகள் மாதாமாதம் அந்த நாற்பதாயிரம் பேருடைய வீட்டுப் போனுக்கும் அந்தக் கேள்வி போயிற்று. எல்லோரும் ‘இல்லை’யை அழுத்தினார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளிலும் அந்த நோய்க்கு யாரும் வரவில்லை. நரம்புக் காய்ச்சலும் சோதனை நடந்த ஊர்களில் அறவே நின்றுபோயிருந்தது. இரண்டு பூஜ்யங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களில் ஒன்றேகால் கோடிக் குழந்தைகளுக்கு அமைதி ஊசி போடத் தொடங்குவது என்று முடிவாயிற்று.

அதற்கு முந்திய சனிக்கிழமை, முதல் ஊசி போட்ட ஆவுடைக்குளத்துக்குப் பொற்கொடி போனாள். தொடக்க விழாவில் ஒலிபரப்ப நாலு பெற்றோரின் குரலைப் பதிவுசெய்துவர வேண்டும். வேன் ஓட்டி வந்தவர் இருளப்பன், முப்பது வயதுக்காரர், அந்த ஊரிலேயே ஊசி போட்டுக்கொண்டவர். ஒலிபெருக்கிப் பெட்டியை மேலே ஏற்றக் கையைத் தூக்கியபோது அவர் சட்டையும் மேலே ஏறியது. விலாவில் செக்கச்செவேலென்று ஒரு சிங்கம் தெரிந்தது. பச்சை குத்தியதல்ல, காவியால் வரைந்தது. திரும்பியபோது மறுவிலாவிலும் ஒன்று.

என்ன இது என்று கேட்டாள்.

“அக்கிங்க. நேத்துதேன் எழுதுனாக.”

எரியவில்லையா என்றாள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார். “அதெல்லாம் எங்க தாத்தா காலத்து அக்கி. இப்ப வாரது சொகமான அக்கி மேடம். இருக்கிறதே தெரியல.”

மாதாமாதம் போனில் கேட்கும்போது ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள். அது வேறு ஏதோ நோயைப் பற்றிய கேள்வி என்றார் அவர். நரம்புத்தடம் என்றால் வர்ம சம்பந்தமாக இருக்கும் என்று அவர் வீட்டில் முடிவு செய்திருந்தார்கள்.

குரல் பதிவை விட்டுவிட்டு, எழுதியவரிடம் கூட்டிப்போகச் சொன்னாள்.

சோணைமுத்து வேளார் மின்சக்கரத்தில் பூந்தொட்டி போட்டுக்கொண்டிருந்தார். நாற்றுப்பண்ணைக்கு ஐந்நூறு தொட்டி அனுப்ப வேண்டிய அவசரம். ஆனாலும் வாசலில் பதினைந்து பேர் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரிப் பையன்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண், கண்டக்டர் சீருடையில் ஒருவர். வந்திருப்பது எங்கிருந்து என்று தெரிந்ததும் வேளார் சக்கரத்தை நிறுத்தினார்.

“நாங்களா யாருட்ட போயிச் சொல்றது தாயி? கேட்டாத்தான சொல்ல முடியும். முந்தி வருசத்துக்கு இருவது பேரு வருவாக. பூராம் வயசாளிக. ராத்திரி பூரா கத்திருப்பாக, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும். இப்ப ஒரு நாளைக்கு இருவது பேரு. சிரிச்சுக்கிட்டு வாராக. அதேன் எனக்குப் பயமா இருக்கு.”

எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டாள். அவர் காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரைத்தபடி சொன்னார்.

“அக்கி எப்பவும் ஒரு பக்கந்தேன் வரும். முதுகுல கெளம்பி நெஞ்சுக்குழியோட நின்டுரும், நடுக்கோட்டத் தாண்டாது. தலைமாட்டுல ஒரு சிங்கம், வால்மாட்டுல ஒரு சிங்கம் எழுதுவோம். தலையும் வாலும் சேந்துறக் கூடாதுன்னு காவலுக்கு.”

“இப்ப?”

“இப்ப சேருது.”

ஒரு முடிச்சு என்றால் ஒரு பக்கம். இரண்டு பக்கம் என்றால் பல முடிச்சுகள் ஒரே நேரத்தில். செல்லையா நூல் சுற்றிக் காட்டியது பொற்கொடிக்கு நினைவுக்கு வந்தது. வெளிப்பூட்டு திறந்துகொண்டது ஓர் இடத்தில் மட்டும் அல்ல.

வேனில் உட்கார்ந்தே கேள்வியை மாற்றினாள். நரம்புத்தடக் கொப்புளநோயை அழித்தாள். ‘உங்கள் வீட்டில் யாருக்காவது அக்கி வந்ததா? எழுதினீர்களா?’ என்று தட்டினாள். செல்லையாவைப் போனில் பிடித்து நடந்ததைச் சொன்னாள். அவர், அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலுக்குள் இருபத்தெட்டாயிரம் பேர் பதில் அனுப்பியிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு பேருக்கு அக்கி. அதில் முந்நூற்று நாற்பது பேர் ஊசியே போட்டுக்கொள்ளாதவர்கள். மருமகள்கள், வேலைக்கு வந்தவர்கள், விருந்துக்கு வந்து தங்கியவர்கள். கொப்புளத்து நீர் வழியாக அவர்களுக்குள்ளும் அது போய்க் குடியேறியிருந்தது.

அன்றே மதுரையில் திட்டக் குழுவின் அவசரக் கூட்டம் நடந்தது. பொற்கொடி தன் தவற்றை முதலிலேயே ஒப்புக்கொண்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. உள்ளே இருப்பதை மருந்து கொடுத்து வெளியேற்ற முடியாதா என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

“முடியாதுங்க” என்றார் செல்லையா. “மருந்து எப்படி வேலை செய்யுதுன்னா, வைரஸ் பிரதி எடுக்கும்போது அந்தக் கையைப் பிடிச்சுக்கும். உறங்குறப்ப அது எதுவுமே செய்யறதில்லை. பிடிக்கறதுக்குக் கையே இல்லை. போட்டவங்களுக்குப் போட்டதுதான்.”

அப்படியென்றால் நாளைய தொடக்கத்தை நிறுத்துவதா என்று கேட்டார்கள். மூன்று மணி நேரம் பேசினார்கள். கடைசியில் செல்லையாவே எழுந்து நின்று, நிறுத்த வேண்டாம் என்றார். ஒரு தட்டில் வலிக்காத கொப்புளம், மறுதட்டில் நரம்புக் காய்ச்சலில் சாகும் குழந்தைகள். இந்த ஆண்டு மழை முடிந்துவிட்டது, கொசு வந்துவிட்டது. ஒரு பூஜ்யம் உடைந்துபோனாலும் இன்னொன்று இருக்கிறது, அதுதான் முக்கியமானது, அந்தக் காய்ச்சல் ஆறு ஆண்டாக ஒரு குழந்தையைக்கூடத் தொடவில்லை. தன் அண்ணன் மகன் அந்தக் காய்ச்சலில் போனவன் என்பதை அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். பொற்கொடியும் ஆதரித்தே கை தூக்கினாள். மனசுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. தன் சொல் யாரையும் கொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். சுவர்த்திரையில் மாநிலப் படம், பள்ளிக்கூடங்கள் பச்சைப் புள்ளிகளாக. பொற்கொடி ஒரு மூலையில் உட்கார்ந்து படிவத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாள். அந்தக் கொப்புளநோய் போல யாருக்கும் புரியாத இன்னொரு சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்தாள்.

பத்தாவது கேள்வி: ‘உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததா?’

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காய்ச்சல் அவள் உருவாக்கிய சொல் அல்ல. எல்லோருக்கும் தெரிந்த சொல். ‘இல்லை’ என்று அழுத்தினால் படிவம் அடுத்த ஐந்து கேள்விகளையும் தாண்டி நேராக நன்றிக்குப் போய்விடும். மிச்சம் இருப்பவையெல்லாம் காய்ச்சல் வந்தவர்களுக்கான கேள்விகள். எத்தனை நாள் இருந்தது, இழுப்பு வந்ததா, குழந்தை பிழைத்ததா.

அவள் எழுந்து செல்லையாவிடம் போனாள்.

“சார், அக்கி ஏன் இப்ப வலிக்க மாட்டேங்குது?”

அவருக்குக் கேள்வி என்றால் போதும். அந்த அவசரத்திலும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “வலியை வைரஸ் மட்டும் உண்டாக்கறதில்லை. காவல் அணுக்கள் வந்து அடிக்குது பாருங்க, அந்த அடிதடியில நரம்பு வீங்கித்தான் பெரும்பாலும் எரியுது. நம்ம புரதம் அதை அடங்கச் சொல்லிடுச்சு. வைரஸ் எழுந்தும் சண்டை நடக்கல. அதான் வலி இல்லை.”

“காய்ச்சல்?”

“காய்ச்சலும் அப்படித்தான். அது நோய் இல்லைம்மா. நோயோட உடம்பு போடுற சண்டையில வர்ற சூடு. சண்டையை நிறுத்திட்டா...”

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

“சண்டை இல்லாம கிருமி மட்டும் மூளையில பெருகினா காய்ச்சலே வராதே சார். காய்ச்சல் வந்ததான்னுதான் ஆறு வருஷமா கேட்டிருக்கோம். இல்லைன்னா மேல எதுவும் கேட்கல.”

சோதனை ஊர்களில் வேறு காரணங்களால் இறந்த குழந்தைகளின் பட்டியல் அவரிடம் இருந்திருக்க வேண்டும், இல்லையா என்று கேட்டாள். இருந்தது. ஆண்டுக்கு ஏழெட்டுப் பேர், வேறு வேறு ஊர், வேறு வேறு வீடு. காரணம் தெரியவில்லை என்று போட்டிருக்கும். காய்ச்சல் இல்லாததால் யாரும் மூளையைச் சோதிக்கவில்லை. ஏழெட்டு என்பது வழக்கமாக எங்கும் இருப்பதுதான், அதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்றார்.

“கேட்டுடலாம் சார். ஒரே ஒரு கேள்வி.”

“மணி எட்டேகால்மா. என்னன்னு கேப்பீங்க? எந்தச் சொல்லைப் போடுவீங்க?”

அவள் நோயின் பெயரைப் போடவில்லை. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் உள்ள ஒன்பதாயிரம் வீட்டுக்கும் இப்படி அனுப்பினாள்: ‘ஊசி போட்ட உங்கள் குழந்தை இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது? குரலில் சொல்லுங்கள்.’ படித்த கண்ணுக்கு அசட்டுத்தனமான கேள்வி. ஆறு ஆண்டில் அவள் எழுதிய கேள்விகளில் அகராதி தேவைப்படாத ஒரே கேள்வி அதுதான்.

பதில்கள் வரத் தொடங்கின. கணினி அவற்றை ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டது.

பல் விளக்குகிறான். இட்லி வேண்டாம் என்று அழுகிறாள். சடை பின்னிக்கொண்டிருக்கிறோம், ஏன் கேட்கிறீர்கள். மாமா வீட்டில் இருக்கிறான். சைக்கிளில் காற்று அடிக்கிறான். அறையில் யாரோ சிரித்தார்கள். இருநூறு குரல்கள் அப்படியே வந்தன. செல்லையா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு ஓர் ஆண் குரல். “எம்மவ போயி ரெண்டு வருசம் ஆச்சுங்க. காச்சல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா படுத்தே கெடந்தா. போன்ல கேட்டப்ப காச்சல் இல்லன்னு அமுக்குனேன். நன்றின்னு வந்துச்சு.”

அடுத்து மூன்று வீட்டில் குழந்தைகள் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டார்கள். அதற்கடுத்து ஒரு பாட்டு வாத்தியார், தன் மகன் போன கார்த்திகையில் இரண்டு நாள் அசதியாக இருந்து இறந்துபோனதை, வகுப்பெடுக்கிற குரலில் ஒழுங்காகச் சொன்னார். காய்ச்சலே இல்லை என்பதை இரண்டு முறை சொன்னார். ஒன்பது மணிக்குள் அப்படிப் பத்தொன்பது குரல்கள். பத்தொன்பதும் வெவ்வேறு ஊர். எல்லாமே மழை முடிந்த மாதங்கள்.

செல்லையா போனை எடுத்தார். எண்ணைத் தப்பாக அழுத்தி, மறுபடி அழுத்தினார். எதிர்முனையில் யாரோ மேடை, மந்திரி, பூச்செண்டு என்று ஏதோ சொல்ல, அவர் குறுக்கே பேசினார். “நிறுத்துங்க. ஒரு குழந்தைக்கும் போடாதீங்க. காரணம் அப்புறம் சொல்றேன், என் பேரைப் போட்டு நிறுத்துங்க.”

திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கின. குரல்களை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த பதிலும் ஒலித்தது. அவசரத்தில் இருக்கிற ஒரு பெண்ணின் குரல், பின்னால் குக்கர் விசில்.

“அவளா, நேத்து மத்தியானம் படுத்தவ மேடம், இன்னும் எந்திரிக்கல. பள்ளிக்கூடத்துக்கு வேற நேரமாச்சு. தொட்டுப் பாத்தேன், காச்சலெல்லாம் இல்ல, உடம்பு ஜில்லுன்னுதேன் இருக்கு. வெளாண்ட அசதியா இருக்கும். நல்லாத் தூங்கட்டும்னு விட்டுட்டேன்.”